ஐடி டீம்னு போன் வந்தா என்ன பண்றது?

கேள்வி: அண்ணே, நான் மண்டபத்துல வீட்ல இருந்தே சென்னை கம்பெனி ஒன்னுக்கு அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். போன வாரம் ஒரு கால், "ஐடி டீம்ல இருந்து பேசுறோம், லேப்டாப்ல வைரஸ் இருக்கு, நாங்க சொல்ற ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க"ன்னு. என் பேரு, மேனேஜர் பேரு எல்லாம் சரியா சொன்னாங்க. பயந்து கட் பண்ணிட்டேன். சரியா தப்பா? நம்மள எல்லாம் யாருண்ணே ஹேக் பண்ணப் போறா?
- வாசகி, மண்டபம்

பதில்: நூத்துக்கு நூறு சரிம்மா. பேரைச் சொன்னாங்கங்கிறதெல்லாம் ஒரு அடையாளமே இல்ல, லிங்க்ட்இன்ல தேடினா உங்க பேரும் கிடைக்கும் மேனேஜர் பேரும் கிடைக்கும். ஆபீஸ்ல இருந்தா பக்கத்து சீட்ல "உனக்கும் கால் வந்துச்சா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுருப்பீங்க, வீட்ல கேக்க ஆள் இல்ல, அதத்தான் அவங்க நம்பி இறங்குறாங்க. 2020 ஜூலைல ட்விட்டர்ல ஒபாமா, எலான் மஸ்க் அக்கவுண்டெல்லாம் களவு போச்சே, அதுவும் இதே கதைதான், கொரோனா நேரத்துல வீட்ல இருந்து வேலை பாத்த ஸ்டாஃபுக்கு ஐடி டீம்னு போன் பண்ணி, விபிஎன் (வீட்ல இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள போற வழி) பிரச்சனைய சரி பண்றோம்னு சொல்லி பாஸ்வேர்டைக் கறந்துட்டாங்க. அதுக்குப் பின்னாடி இருந்தது 17 வயசுப் பையன்!

யாரு ஹேக் பண்ணப் போறான்னு மட்டும் நினைக்காதீங்க. அவங்களுக்கு வேண்டியது உங்க கம்பெனி, நீங்க அதுக்கு வாசல். 2021ல அமெரிக்காவுல கொலோனியல் பைப்லைன்ங்கிற எரிபொருள் குழாய் பல நாள் நின்னதுக்கு, யாரும் யூஸ் பண்ணாத ஒரு பழைய விபிஎன் லாகின் வழியா ஹேக்கருங்க உள்ள வந்ததுதான் காரணம், அதுக்கு பாஸ்வேர்ட் மட்டும்தான் இருந்துச்சு, ஓடிபி மாதிரி ரெண்டாவது கட்ட சரிபார்ப்பு கிடையாது.

அதனால ஆபீஸ் ஐடி நம்பரை ஒரு நோட்டுல எழுதி வைங்க, லேப்டாப் லாக் ஆகிட்டா அதுக்குள்ள இருக்கிற நம்பர் உதவாது. சந்தேகமா கால் வந்தா கட் பண்ணிட்டு அந்த நம்பருக்கு நீங்களா போடுங்க, அவங்க குடுக்குற நம்பருக்குப் போடவே கூடாது. இப்ப வந்த காலையும் ஐடில சொல்லிருங்க, அடுத்தது உங்க கூட வேலை பாக்குறவங்களுக்குப் போகலாம். இன்னொன்னு, நீங்க லாகின் பண்ணாத நேரத்துல, ராத்திரி 2 மணிக்கு "இந்த லாகினை அப்ரூவ் பண்றீங்களா"ன்னு போன்ல திரும்பத் திரும்ப வந்தா தொல்லை விட்டாப் போதும்னு அமுக்கிடாதீங்க. பாஸ்வேர்ட் ஏற்கனவே அவங்க கைல இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம், உடனே மாத்துங்க.

கேள்வி: பாம்பன்ல எங்க வீட்ல மட்டும்தான் நல்ல நெட். தெருவே வைஃபை பாஸ்வேர்ட் கேக்குது, எப்படி இல்லைங்கிறது?
- வாசகர், பாம்பன்

பதில்: நம்ம பக்கம் இல்லைன்னு சொன்னா மனஸ்தாபம் ஆயிரும், சொல்லவும் வேணாம் தம்பி. ரவுட்டர் செட்டிங்ஸ்ல கெஸ்ட் நெட்வொர்க்னு பெரும்பாலும் இருக்கும், அதுக்குத் தனி பாஸ்வேர்ட் வச்சு அதை மட்டும் குடுங்க, ஆபீஸ் லேப்டாப் மெயின்ல இருக்கட்டும். செட்டிங்ஸ் உள்ள போறதுக்கு யூசர் பேரும் பாஸ்வேர்டும் இன்னமும் "அட்மின், அட்மின்"தான்னா அதை முதல்ல மாத்துங்க, யார் வேணா உள்ள போயிரலாம். காத்துல லைன் போற அன்னைக்கு லாட்ஜ் வைஃபைய விட உங்க போன் ஹாட்ஸ்பாட் எவ்வளவோ மேல். ஆன்லைன் மோசடில பணம் போயிருச்சுன்னா மட்டும் யார்கிட்டயும் யோசனை கேட்டுட்டு உக்காந்திருக்காம உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிங்க, சீக்கிரம் சொன்னாத்தான் பேங்க்ல பிடிச்சு நிறுத்த வழி இருக்கு.