மென்பொருள் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை

கேள்வி: டர்பன், சாட்ஸ்வர்த்தில் 4 வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். மாத வாடகை 6,500, 6,500, 5,800, 7,200 ராண்ட். ஒவ்வொருவரிடமும் ஒரு மாத டெபாசிட் வாங்கினேன். எக்செல் கணக்கு குழம்பிவிட்டது. வீட்டுக்கு மாதம் 95 ராண்ட், தொடக்கக் கட்டணம் 3,500 என்று ஒரு மென்பொருள் சொல்கிறார்கள். மாறலாமா? மச்சானின் கார் தவணை 2,850 ராண்ட், 8 மாதமாக என் வங்கிக் கணக்கிலிருந்தே மாதாமாதம் தானாக, டெபிட் ஆர்டராகப் போகிறது. கையிருப்பு 3,100தான். முதல் வீட்டில் 3 ஆண்டாகக் குடியிருப்பவர் 2 மாதத்தில் காலி செய்கிறார். கவலையாக இருக்கிறது.

பதில்: உங்கள் கவலை எக்செல்லால் வந்ததல்ல. எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதல் நாளே "வாடகைதாரர் டெபாசிட், தொடக்க இருப்பு எவ்வளவு?" என்று கேட்கும். நீங்கள் 26,000 என்று போட வேண்டும். வங்கியில் இருப்பதோ 3,100. குறைவது 22,900. மச்சானுக்குப் போனதைப் பெருக்கிப் பாருங்கள்: 8 × 2,850 = 22,800. கொடுத்தது உங்கள் பணமே அல்ல, குடியிருப்பவர்களின் பணம்.

தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி டெபாசிட்டை வட்டி தரும் வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். வட்டியும் குடியிருப்பவருக்கே. காலி செய்யும்போது சேதமோ பாக்கியோ இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்த 7 நாளில் வட்டியோடு திருப்ப வேண்டும். சேதம் இருந்தால், வீட்டை உங்களிடம் திரும்ப ஒப்படைத்ததிலிருந்து 14 நாளில் மிச்சத்தைத் தர வேண்டும். ஆண்டுக்கு 5 சதவீதம் என்று வைத்தால் முதல் வீட்டில் குடியிருப்பவருக்கு 3 ஆண்டு வட்டியோடு ஏறக்குறைய 7,500 ஆகிறது. தவறினால் அவர் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவார்; அங்கே மச்சான் கதை எடுபடாது.

ஆகவே இந்த வாரமே தனிச் சேமிப்புக் கணக்கு திறந்து 3,100ஐப் போடுங்கள். டெபிட் ஆர்டர் நின்றால் 2 மாதத்தில் 5,700 சேரும், மொத்தம் 8,800. முதல் வீட்டில் குடியிருப்பவருக்குத் தாராளமாகப் போதும். புதிதாக வருபவரின் டெபாசிட்டும் நேராக அதே கணக்குக்குத்தான். 8 மாதத்தில் கரைந்தது ஏறக்குறைய அதே 8 மாதத்தில் நிரம்பும். வட்டிக்கு இன்னும் ஓரிரு மாதம் கூடுதலாகப் போடுங்கள்.

மென்பொருளுக்கு முதலாண்டில் 4,560 + 3,500, அதாவது 8,000 ராண்டுக்கு மேல். 4 வீட்டுக்கு இது அதிகம் என்பதே என் எண்ணம். கைபேசியில் பளபளக்கும் வரைபடத்தைக் காட்டி விற்கிறார்கள். நாலு வாடகைக்கு வரைபடம் எதற்கு? எக்செல்லில் வீட்டுக்கு ஒரு தாளும் டெபாசிட்டுக்குத் தனித் தாளும் போதும்.

மாறியே தீருவேன் என்றால் வரி ஆண்டு தொடங்கும் மார்ச் 1 அன்று மாறுங்கள். 2 மாதம் பழையதையும் சேர்த்து நடத்துங்கள். பாக்கியைத் தொடக்க இருப்பாக ஏற்றிவிட்டுப் பழைய பில்களையும் ஏற்றினால் அது இரட்டிப்பாகும். இன்னொரு பொல்லாத இடம் தேதி. எக்செல்லில் 03/04 என்று இருப்பதை மென்பொருள் ஏப்ரல் 3 என்றும் எடுக்கும், மார்ச் 4 என்றும் எடுக்கும். வாடகை உயர்வு ஒரு மாதம் முன்னதாகப் பில்லில் ஏறி, குடியிருப்பவர் சண்டைக்கு வருவார். ஏற்றியபின் நாலு ஒப்பந்தத்தையும் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் அனுப்பும்போது எல்லாரும் குறிப்பில் "வாடகை" என்றே எழுதினால் எது யாருடையது என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. "வீடு 1", "வீடு 2" என்று எழுதச் சொல்லுங்கள். பழைய கோப்புகளை 5 ஆண்டு வைத்திருங்கள், வரித்துறை கேட்கும்.

மென்பொருளில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு: வீட்டைப் பார்வையிடும்போது தேதியோடு படம் எடுத்து வைக்கும் வசதி. நீங்கள் குடியிருப்பவரோடு சேர்ந்து பார்வையிடத் தவறினால் வீடு நல்ல நிலையில் இருந்ததாகவே சட்டம் கொள்ளும். பிறகு உடைந்த சிங்க்குக்கும் ஒரு ராண்ட் பிடிக்க முடியாது. ஆனால் அதற்கு உங்கள் கைபேசி கேமராவும் இருவர் கையெழுத்திட்ட ஒரு தாளும் போதும். முதல் வீட்டுக்கு அந்தப் பார்வையிடும் நாளை இப்போதே குறித்துவிடுங்கள்.

மச்சானிடம் அடுத்த தவணைத் தேதிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். காரை வைத்துக்கொள்வதா விற்பதா என்று அவர் முடிவெடுக்க நாள் வேண்டும். வீட்டம்மாவுக்கு வருத்தம் இருந்தால் 26,000, 3,100 இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பிறகு வங்கிக்குப் போய் டெபிட் ஆர்டரை ரத்து செய்யுங்கள்.