எத்தனை கிலோஓம் என்று மட்டும் கேட்காதீர்கள்
(வாசகர் கேள்வி – பதில்: இசைக்கருவிகள்)

பெடல் ஸ்டீல் கிட்டாரைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிக்அப்பைப் பற்றியே கேட்கின்றன. அந்தக் குறிப்பைத் தவறவிட்டவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். கோட்டுவாத்தியத்தில் மெட்டில்லாமல் கட்டையை நகர்த்தி வாசிப்பதுபோல, கால்களின்மேல் நிற்கும் இந்தக் கருவியில் எஃகுப் பாரைத் தந்திகளின்மேல் நகர்த்தி வாசிக்கிறார்கள். கூடவே பாதத்தால் மிதிக்கும் பெடல்களும் முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் குறிப்பிட்ட தந்திகளின் சுருதியை மட்டும் ஏற்றியும் இறக்கியும் தரும். அமெரிக்கக் கன்ட்ரி இசையின் அழுகுரல் என்று நாம் கேட்டுப் பழகியது இதைத்தான். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளே பிக்அப்.

கேள்வி: ஈ9 சுருதியில் (தந்திகளைக் கூட்டும் ஒரு வழக்கமான முறை) பத்துத் தந்திக் கருவி ஒன்றைச் செய்து தரச் சொல்லியிருக்கிறேன். எந்த பிக்அப் வேண்டும் என்று பட்டறைக்காரர் கேட்கிறார். 17.5 கிலோஓம் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்), நடுவில் ஒரு முனை எடுத்த சிங்கிள் காயில், ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) என்று மூன்றைச் சொல்கிறார். கிலோஓம் கூடினால் நாதம் கனமாகும் என்கிறார்களே, உண்மையா? நான் வாசிப்பது பெரும்பாலும் தேவாலய மண்டபத்திலும் விருந்து மண்டபங்களிலும்தான். — வாசகர், டொராண்டோ

பதில்: கிலோஓம் என்பது சுருளின் மின்தடை மட்டுமே, தொனியைச் சொல்லும் எண் அல்ல. 42ஆம் எண் கம்பியில் சுற்றிய அதே சுற்றுகளை அதைவிட மெல்லிய 43ஆம் எண் கம்பியில் சுற்றினால் மின்தடை ஏறத்தாழக் கால் பங்கு கூடிவிடும். ஆனால் சுற்றுகளின் எண்ணிக்கை மாறாததால் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அதைவிட வேடிக்கை, செம்பின் மின்தடை வெப்பத்தோடு ஏறும் என்பதால், 20 பாகை செல்சியஸில் 17.5 கிலோஓம் காட்டும் பிக்அப் 35 பாகையில் 18.5 கிலோஓம் காட்டும்; கோடையில் அளந்து விற்றவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஒரே கம்பியில், ஒரே சட்டத்தில், ஒரே காந்தத்தோடு சுற்றிய இரண்டு பிக்அப்புகளை ஒப்பிடும்போது மட்டும் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

தொனியைத் தீர்மானிப்பது சுருளின் மின்தூண்டல் எண்ணும், அதோடு சேரும் கேபிளின் மின்தேக்குத்திறனும் கூடிக் கொடுக்கும் ஒத்ததிர்வுப் புள்ளி. அந்த அதிர்வெண்ணுக்கு அருகில் ஒலி சற்று மேடாக எழும்பி, அதற்கு மேல் சரிந்துவிடும். ஒரு கணக்கைப் பாருங்கள்: 5 ஹென்றிச் சுருளும் மொத்தம் 700 பிக்கோஃபாரட் மின்தேக்கமும் இருந்தால் அந்த மேடு சுமார் 2,700 ஹெர்ட்ஸில் வரும். மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் உள்ள சாதாரணக் கேபிளில் இன்னும் மூன்று மீட்டரைச் சேர்த்தால் அது 2,250 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பிக்அப்பை மாற்றாமலே, கேபிளை நீட்டியதற்காக மட்டும் இவ்வளவு. சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரின் சிங்கிள் காயில் பெரும்பாலும் 6 கிலோஓமை ஒட்டியிருக்க, ஸ்டீலுக்கு மட்டும் 17, 18 என்று சுற்றும் வழக்கம் வந்ததற்கும் காரணம் உண்டு: சுற்று கூடக் கூட மேடு கீழே இறங்கி, எஃகுப் பார் எஃகுத் தந்தியில் உரசும் கூரிய ஓசை தணிந்து, பாடும் குரல் மிஞ்சும். அளவு மீறினால் அந்தக் குரலே கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும்.

இனி உங்கள் மண்டபத்துக்கு வருகிறேன். சிங்கிள் காயில் தந்தியை மட்டுமல்ல, சுவரிலும் மேற்கூரையிலும் ஓடும் மின்சாரத்தையும் கேட்கும். வட அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலாகவும் அதன் மடங்குகளாகவும் வரும். முதல் மடங்கான 120 ஹெர்ட்ஸ், உங்கள் தடித்த பத்தாம் தந்தியின் 123.5 ஹெர்ட்ஸுக்கு அருகிலேயே உட்கார்ந்திருப்பதால், ஆம்ப்பில் எதைத் திருகியும் இரைச்சலை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. விருந்து மண்டபங்களின் மங்கல் விளக்குச் சுவிட்சுகள் இந்த இரைச்சலுக்குப் பேர்போனவை. நடுமுனை எடுத்த சிங்கிள் காயிலில் சுற்று குறைந்து தொனி தெளிவாகும், ஒலி தணியும். இரைச்சல் மட்டும் போகாது. நடுமுனையை நான் சிபாரிசு செய்யாததற்கு இதுவே காரணம்.

ஹம்பக்கரில் எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரண்டு சுருள்கள், எதிரெதிர் முனைக் காந்தங்களோடு பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும், தந்தியின் ஒலி கூடும். ஸ்டீல் கருவிகளில் பரவலாகப் பொருத்தப்படும் ஜார்ஜ் எல் இ-66, பில் லாரன்ஸ் 705 ஆகியவை இந்த வகை. இரண்டு இடத்தில் தந்தியைக் கேட்பதால் ஹம்பக்கரில் உச்ச ஒலி போய்விடும் என்று சொல்வார்கள்; அதை முழுதாக நம்ப வேண்டாம். சுருள்களுக்கு இடையே 18 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், பத்தாம் தந்தியில் சுமார் 4,200 ஹெர்ட்ஸில் ஓர் ஓட்டை விழும் என்பது சரிதான். ஆனால் மெல்லிய மூன்றாம் தந்தியில் அது 14,000 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது, அதையோ உங்கள் 15 அங்குல ஸ்பீக்கர் பாடப்போவதே இல்லை. ஹம்பக்கர் மந்தமாகக் கேட்பதற்குப் பெரும் காரணம், இரண்டு சுருளும் தொடரிணைப்பில் இருக்கையில் மின்தூண்டல் எண் கூடுவதே.

எனவே ஹம்பக்கர் போடச் சொல்லி, தொடரிணைப்புக்கும் பக்க இணைப்புக்கும் மாற்றும் ஒரு சிறு சுவிட்சையும் கேளுங்கள். பக்க இணைப்பில் மின்தூண்டல் எண் கால் பங்காகிவிடும். அதே கேபிளில் மேடு ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரத்துக்குத் தாவும். ஒலி தணியும், ஆனால் இரைச்சல் திரும்ப வராது. ஒரே சுருளை மட்டும் விடும் சுவிட்சில் இந்த வசதி கிடைக்காது. இன்னொன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பிக்அப் நான்கு திருகில் கழன்று வரும் சட்டத்தில் இருக்க வேண்டும், உயரத்தை மேலிருந்தே மாற்ற முடிய வேண்டும். என் முதல் கருவியைச் செய்தவர் பிக்அப்பை அடியிலிருந்து பசை போட்டு ஒட்டியிருந்தார். அதை வெளியே எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் வார்னிஷும் போயின.

கேள்வி: சாதாரண கிட்டார்களில் இரண்டு, மூன்று பிக்அப் இருக்கும்போது பெடல் ஸ்டீலில் ஒன்று மட்டும் ஏன்? தனியாகச் செய்யச் சொல்வதுதானே, 24ஆம் மெட்டு இருக்கவேண்டிய இடத்தைக் காட்டும் கோட்டின் அடியில் இரண்டாவதாக ஒன்றைப் போடச் சொல்லலாமா? — வாசகர், மெல்போர்ன்

பதில்: போடச் சொல்லலாம், ஆனால் நீங்கள் பாரை 24ஆம் கோட்டுக்குக் கொண்டுபோகும் நேரத்தில் அது ஊமையாகிவிடும். பார் அழுத்தி நிற்கும் இடத்தில் தந்தி அதிர்வதில்லை. அதிராத இடத்தின் அடியில் காந்தத்தை வைத்து என்ன பயன்?

உயர்ந்த கோடுகளுக்கே போகாதவர்களுக்கும் சிக்கல் இருக்கிறது. பிரிட்ஜிலிருந்து (வலப்புறம் தந்தி ஏறி நிற்கும் முனை) ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருக்கும் பிக்அப், ஒவ்வொரு தந்தியிலும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணையும் அதன் மடங்குகளையும் கேட்காமல் விட்டுவிடும்; பார் எங்கே இருந்தாலும் அந்த அதிர்வெண் மாறாது. தந்தி நீளம் 24.25 அங்குலம், அதாவது 616 மில்லிமீட்டர் என்று கொள்ளுங்கள். பிக்அப் பிரிட்ஜிலிருந்து 38 மில்லிமீட்டரில் இருந்தால் பத்தாம் தந்தியில் 2,000 ஹெர்ட்ஸும், மூன்றாம் தந்தியில் சுமார் 6,700 ஹெர்ட்ஸும் விடுபடும். பாட்டுக்கு அதனால் நட்டமில்லை. 24ஆம் கோடு பிரிட்ஜிலிருந்து 154 மில்லிமீட்டர். அங்கே வைத்தால் பத்தாம் தந்தியில் 494, மூன்றாம் தந்தியில் சுமார் 1,660 ஹெர்ட்ஸ் விடுபடும். இவை குரலின் நடுவயிற்றில் இருக்கும் ஒலிகள். பார் 12ஆம் கோட்டில் நிற்கும்போது பத்தாம் தந்தியின் அடிச்சுரம் 247 ஹெர்ட்ஸ். அதன் இரண்டு மடங்கான மேற்சுரமே 494 என்பதால் அது சுத்தமாக மறைந்து, ஒலி உட்குடைந்த மூங்கில்போல் கேட்கும். இரண்டு கோடு தள்ளிப் போனால் இன்னொரு நிறம். மெட்டு வைத்த கிட்டாரிலும் இது நடக்கிறது. ஆனால் ஒரே சுரத்தை நெடுநேரம் இழுத்து, சறுக்கிக்கொண்டே போகும் கருவியில் அந்த நிறமாற்றம் கேட்பவர் காதில் நன்றாகவே விழும்.

போதாததற்கு, வலது கை தந்தியை மீட்டுவதும் உள்ளங்கையால் அடக்குவதும் அந்தப் பகுதியில்தான். மாறுபட்ட தொனி வேண்டுமென்றால் கையைப் பிரிட்ஜிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி மீட்டிப் பாருங்கள். அதற்குச் செலவில்லை.

கேள்வி: வால்யூம் பெடலைப் பாதி இறக்கினால் ஒலி குறைவதோடு தெளிவும் போய்விடுகிறது. பிக்அப் பலவீனமா? — வாசகர், சிங்கப்பூர்

பதில்: பிக்அப்பின்மேல் பழி வேண்டாம். ஸ்டீல் வாசிப்பவர் மீட்டும்போது, சுருதிப் பெடல்களிலிருந்து தனியாக நிற்கும் வால்யூம் பெடலைப் பாதியில் வைத்து, ஒலி தேயத் தேய மெல்ல மிதித்துக்கொண்டே போவார். சுரம் நீண்டு நிற்பதன் இரகசியம் அந்த மிதியில்தான் இருக்கிறது. அதாவது கருவி ஒலிக்கும் நேரத்தில் பெரும்பகுதி பெடல் பாதி நிலையில்தான் நிற்கிறது. வழக்கமான பெடலில் 500 கிலோஓம் பாட் (ஒலியளவை மாற்றும் மாறுதடை) இருக்கும். அது மின்னளவில் நடுவில் நிற்கும்போது, வெளியே போகும் ஒலிக்கு முன்னால் 125 கிலோஓம் வரை தடை நிற்கிறது. பெடலிலிருந்து ஆம்ப்புக்கு ஆறு மீட்டர் கேபிள் போட்டிருந்தால் அதன் 600 பிக்கோஃபாரட்டும் அந்தத் தடையும் சேர்ந்து 2,100 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைச் சரித்துவிடும். முழுதாக மிதித்ததும் தெளிவு திரும்பிவிடுகிறது அல்லவா? அதுவே அடையாளம்.

முதலில் பெடலுக்குப் பிந்தைய கேபிளை இரண்டு மீட்டருக்குக் குறைத்துப் பாருங்கள்; ஆம்ப்பைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டால் முடியும். அதுவும் போதாவிட்டால் மின்சுற்று உள்ள பெடலுக்கு மாறலாம். அதில் பிக்அப் ஒரு தாங்கிச் சுற்றை மட்டுமே சந்திக்கும், வெளியே போகும் தடையும் குறைவு. கருவியின் காலில் மாட்டும் சிறு பஃபர் (தாங்கிச் சுற்று) பெட்டியும் பலர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது பெடலுக்கு முன்னால் நின்றால் பிக்அப்பின் சுமையைத்தான் குறைக்கும்; 500 கிலோஓம் பாட்டுக்குப் பின்னால் நடக்கும் இழப்பைத் தடுக்காது. விற்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

கேள்வி: 1960களின் எம்மன்ஸ் கருவிகளில் கேட்கும் அந்தக் கண்ணாடித் தொனி வேண்டும். அந்தக் காலத்து பிக்அப்பைப்போல் சுற்றித் தரச் சொன்னால் கிடைக்குமா? — வாசகர், லண்டன்

பதில்: பாதி கிடைக்கும். ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸ், ஷோ-பட் என்னும் ஸ்டீல் கருவி நிறுவனத்தை விட்டு விலகித் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பழைய கருவிகள் 'புஷ்-புல்' என்று பெயர் பெற்றவை. பெடலை மிதிக்காத நிலையில், தந்தி ஏறி நிற்கும் சேஞ்சரின் (சுருதியை மாற்றும் பொறி) விரல் உடலோடு இறுகி நிற்பதால் அதிர்வு நேராக மரத்துக்கும் உலோகத்துக்கும் இறங்கும். இன்றைய 'ஆல்-புல்' சேஞ்சரில் இடையே சில பாகங்களும் ஸ்பிரிங்குகளும் நிற்கின்றன; அதற்குப் பதிலாகச் சரிசெய்வது எளிது, சுருதி ஒழுங்காகத் திரும்பும். புஷ்-புல்லைச் சுருதி கூட்டியவர்களைக் கேட்டால் அந்தத் தொனிக்குக் கொடுத்த விலையைச் சொல்வார்கள். பழைய மாதிரிச் சிங்கிள் காயில் வாங்குங்கள், நன்றாகவே இருக்கும். கருவி மட்டும் வேறு கருவியாகவே இருக்கும்.

கேள்வி: புதிய பிக்அப் போட்டபின் மூன்றாம் தந்தி மட்டும் கத்துகிறது, பத்தாம் தந்தி முனகுகிறது. — வாசகர், மதுரை

பதில்: உயரத்தைப் பாருங்கள். ஈ9இல் மூன்றாம் தந்தி 0.011 அங்குலம்தான்; ஆனாலும் பெரும்பாலான பாட்டு வரிகள் அதன்மேல்தான் நடக்கின்றன என்பதால் அதன் குறை முதலில் தெரிந்துவிடும். பார் எதையும் தொடாத நிலையில், தந்திக்கும் பிக்அப்பின் முகத்துக்கும் இடையே நாணயங்களைச் செருகிப் பாருங்கள். மூன்று, நான்கு மில்லிமீட்டரில் தொடங்கி, மெல்லிய தந்திகளின் பக்கத்தை ஒரு சுற்றுத் திருகி இறக்குங்கள், தடித்த தந்திகளின் பக்கத்தை அரைச் சுற்று ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் வால்யூம் பெடலை ஒரே இடத்தில் வைத்து, மூன்றாம், ஐந்தாம், பத்தாம் தந்திகளை ஒரே வலுவில் மீட்டிக் கேளுங்கள். அப்போதும் பத்தாம் தந்தி முனகினால், பிக்அப்புக்குப் பணம் செலவழிக்குமுன் தந்தியை மாற்றுங்கள். வியர்வையும் அழுக்கும் ஏறிய சுற்றுத் தந்தி எந்தக் காந்தத்தின்மேலும் முனகத்தான் செய்யும்.