துருவக் கரையில் கூடாரம்: வாசகர் கேள்வி, பதில்

கே: ஜூலையில் நண்பர்கள் நால்வர் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் கடற்கரையோரம் கூடாரம் போட்டு ஒரு வாரம் தங்கப்போகிறோம். துருவக்கரடிக்கு, சுற்றிலும் வெடிக்கம்பி கட்டினால் போதும் என்கிறார்களே? (வாசகர், கோவை)

ப: போதாது. அந்தக் கம்பி கரடியைத் தடுக்காது; தட்டுப்பட்டால் வெடித்து உங்களை எழுப்பும், அவ்வளவுதான். அதுவும் ஒழுங்காகக் கட்டியிருந்தால். கூழாங்கல் தரையில் கம்பம் சாயும், கம்பி தொய்யும், கரடி கம்பியில் படாமல் வந்துவிடும். இறுக்கிக் கட்டினாலோ காற்றுக்கும் கலைமானுக்கும் வெடிக்கும். நாலாவது தடவை யாரும் எழுந்து பார்க்கமாட்டீர்கள். 2011 ஆகஸ்டில் அங்கே ஒரு மாணவர் முகாமுக்குள் கரடி புகுந்தபோது வெடி வெடிக்கவே இல்லை. ஒருவர் இறந்தார், நால்வருக்குக் காயம்.

ஆகவே கம்பியும் கட்டுங்கள், ஆள் காவலும் போடுங்கள். ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மற்ற ஆறு மணி நேரம் தூங்கலாம். ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை சூரியன் மறையாது, வெளிச்சத்துக்குக் குறையில்லை. மூடுபனி இறங்கினால் மட்டும் இரண்டு பேர் விழித்திருங்கள்.

கரடி பெரும்பாலும் கரையை ஒட்டியே நடக்கும். நீர் விளிம்பை விட்டு விலகி, நாலு பக்கமும் தெரியும் மேட்டில் தங்குங்கள். கூடாரங்கள் ஒரே வரிசையில் இருக்கட்டும். வட்டமாகப் போட்டால் நடுவில் வந்த கரடி மாட்டிக்கொண்டதாக மிரளும். சமையல் நூறு மீட்டர் தள்ளி. மிளகு ஸ்பிரேக்கு நார்வேயில் தடை. விரட்ட ஒளிவெடித் துப்பாக்கி, கடைசி வழியாக ரைஃபிள். ரைஃபிளை வாடகைக்கு எடுக்க ஆளுநர் அலுவலக அனுமதி தேவை. புறப்படும் முன்பே விண்ணப்பியுங்கள்.

கே: கூழாங்கல்லில் கூடார முளை நிற்குமா?

ப: நிற்காது. கயிற்றைக் கரையொதுங்கிய கட்டையில் கட்டி, மேலே கல்லை அடுக்குங்கள். பழைய குடிசை, திமிங்கில வேட்டைக்காரர் அடுப்பு போன்றவற்றின் கல்லைத் தொடாதீர்கள்: 1946க்கு முந்தைய எச்சங்கள் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை, அவற்றுக்கு 100 மீட்டருக்குள் கூடாரமும் கூடாது. பனியாற்று முகப்புக்கு எதிர்க்கரையும் வேண்டாம். பனிப்பாளம் உடைந்து விழுந்தால் எழும் அலை கரையைக் கழுவிவிடும்.

கே: விசா, அடுப்பு?

ப: ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை. ஆனால் அது ஷெங்கனுக்கு (ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதி) வெளியே. நார்வே வழியே போய்த் திரும்ப இருமுறை நுழைவு விசா கட்டாயம். கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்றமாட்டார்கள், அங்குள்ள முக்கிய ஊரான லாங்இயர்பியனில் வாங்குங்கள். வெறும் பியூட்டேன் பூஜ்யம் டிகிரி அருகே எரியத் திணறும். புரோப்பேன் கலந்ததாகக் கேளுங்கள்.