புதிய மருந்துக்கடை திறக்கும் முன் அந்தப் பகுதி மக்களிடம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்?

கேள்வி கேட்ட தம்பி டி.பார்ம் என்ற மருந்தாளுநர் பட்டயப் படிப்பை முடித்துவிட்டு, நகரத்தின் விரிவாக்கப் பகுதி ஒன்றில் மருந்துக்கடை போட இடம் பார்த்து வைத்திருக்கிறார். குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் "இங்கே ஒரு மெடிக்கல் வந்தால் நல்லதா?" என்று படிவம் போட்டால் போதுமா, வீடு வீடாகப் போய்த்தான் கேட்க வேண்டுமா என்பது அவருடைய சந்தேகம்.

படிவம் போதாது தம்பி. அந்தக் கேள்வியே வேண்டாம். மெடிக்கல் வந்தால் நல்லதா என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? எல்லாரும் கைகூப்பும் படத்தைப் போட்டு "கட்டாயம் வரட்டும்" என்பார்கள். கடை திறந்த பிறகும் தங்கள் மாத மருந்தை வழக்கமான இடத்திலேயே வாங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்டது அவர்களுடைய விருப்பத்தை, அவர்களும் விருப்பத்தைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

நான் மதுரைப் புறநகரில் மருந்துக்கடை நடத்துகிறேன். கடை போடும் முன் தெருத்தெருவாகப் போய்க் கேட்டவன். பிறகு கடை தொடங்க நினைத்த இளையவர்கள் சிலரோடும் துணைக்குப் போயிருக்கிறேன். அதில் நான் தெரிந்துகொண்ட வழி, நடந்ததைக் கேட்பது. "கடைசியாக எப்போது மருந்து வாங்கினீர்கள்? எந்தக் கடையில்? யார் போய் வாங்கி வந்தார்கள்? சீட்டில் இருந்த எல்லாம் கிடைத்ததா, ஏதாவது விட்டுப்போனதா?" இவ்வளவுதான். இதற்கு யாரும் யோசித்து, உங்களுக்குப் பிடித்த மாதிரி பதில் தயாரிக்க வேண்டியதில்லை.

இதில் "யார் போய் வாங்கி வந்தார்கள்" என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். புதிய குடியிருப்புகளில் பாதி விஷயம் அந்தப் பதிலில் வந்துவிடும். ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அவர் உங்கள் வாடிக்கையாளர் என்று மனக்கணக்கு போட்டுவிடுவோம். கேட்டுப் பார்த்தால், மகன் அலுவலகம் பக்கத்தில் இருக்கும் பெரிய கடையில் தள்ளுபடியில் மாதம் ஒருமுறை மொத்தமாக வாங்கி வருவார். இன்னொரு வீட்டில் மகள் பெங்களூரில் இருந்து ஆன்லைனில் போட்டுவிடுவாள். அந்த வீடுகளுக்கு மாத மருந்துக் கடை தேவையில்லை. அவர்களுக்குத் தேவைப்படுவது ராத்திரி பேரனுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து, வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மூச்சிரைப்புக்கு நெபுலைசரில் ஊற்றும் மருந்து, கட்டுப் போடும் துணி, படுக்கையில் இருக்கும் பாட்டிக்குப் பெரியவர்களுக்கான டயாப்பர். இது அவசர வாங்கல். மாத வாங்கல் வேறு. ஒரு பகுதியில் எது வெளியே போகிறது, எது கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் எதை எவ்வளவு வாங்கி வைப்பது, கடையை எத்தனை மணி வரை திறந்து வைப்பது என்பதெல்லாம் தெளிவாகும். அவசர வாங்கல்தான் இருக்கிறது என்றால் ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கும் கடை அங்கே நிற்காது.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த மாத்திரையை நம்பி வாழும் குடும்பங்களை "இதைவிட நல்ல மாத்திரை என்னிடம் இருக்கிறது" என்று சொல்லி இழுக்க நினைக்காதீர்கள். அது பாவம். அந்த வீடுகளில் கேட்க வேண்டியது, அங்கே கிடைக்காமல் வெளியே வாங்குவது எது என்பதைத்தான்.

சரி, யாரிடம் கேட்பது? சங்கத் தலைவரையும் செயலாளரையும் பாருங்கள், மரியாதைக்கு அது வேண்டும். ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள், ஆண்கள், வண்டி வைத்திருப்பவர்கள். வண்டி இருக்கிறவருக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மெடிக்கல் ஒரு தூரமே இல்லை. வாடகை வீட்டில் இருக்கிற அக்காவுக்கும், கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கும், பஸ் பிடித்துப் போகும் பாட்டிக்கும்தான் அது தூரம். அவர்களை ரேஷன் கடை வரிசையிலும், அங்கன்வாடி வாசலிலும், காலை டீக்கடையிலும், ஆட்டோ ஸ்டாண்டிலும்தான் பிடிக்க முடியும். ஆட்டோக்கார அண்ணன்களிடம் அவசியம் பேசுங்கள். ராத்திரி எந்த வீட்டில் இருந்து அழைப்பு வருகிறது, எந்த மருத்துவமனைக்குப் போகிறார்கள், திரும்பும்போது எங்கே நிறுத்தி மருந்து வாங்குகிறார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கிராம சுகாதார செவிலியரையும், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் அக்காக்களையும் பாருங்கள். யாருக்கு என்ன நோய் என்று அவர்களிடம் கேட்கக் கூடாது, அவர்களும் சொல்லக் கூடாது. பொதுவாக எது கிடைக்காமல் மக்கள் அலைகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

நோயைப் பற்றிய இந்தக் கவனம் வீட்டு வாசலிலும் வேண்டும். பெயர், கதவு எண், நோய் என்று பட்டியல் எழுதிக்கொண்டு போனால் கதவு மூடிக்கொள்ளும், மூடுவதுதான் நியாயமும். மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், காசநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர், குழந்தை தள்ளிப்போட நினைக்கும் பெண் இவர்கள் யாரும் தெருவில் நின்று உங்களிடம் சொல்லப்போவதில்லை. சொல்ல வைக்கவும் கூடாது. பெண்களிடம் பேச உங்கள் அக்காவையோ மனைவியையோ கூட்டிப் போங்கள். நான் அப்படிப் போனபோதுதான், கவுண்டரில் நாலு ஆண்கள் நிற்கும்போது கர்ப்பப் பரிசோதனை அட்டையோ நாப்கினோ கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பதும், அதற்காகவே டவுன் வரை போகிறார்கள் என்பதும் தெரியவந்தது. என்னிடம் யாரும் அதைச் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னார்கள். கடையில் ஒரு ஓரமாகத் தனி இடம் விட்டு, அந்தப் பொருள்களைக் கைக்கு எட்டும் அலமாரியில் வைத்ததற்கு அந்தப் பேச்சுதான் காரணம். அப்புறம் ஒரு பெண் மருந்தாளுநரையும் வேலைக்கு எடுத்தேன்.

வரைபடத்தை நம்பி இடம் பிடிக்காதீர்கள். வரைபடத்தில் இருநூறு மீட்டர் என்று காட்டும். நடுவில் நான்குவழிச் சாலை ஓடும். அந்தப் பக்கத்துப் பாட்டி "ரோட்டைத் தாண்டி வரணுமேப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால், அந்தத் தெரு முழுவதும் உங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் படி உயரமா, மழை பெய்தால் முன்னால் தண்ணீர் தேங்குமா, ராத்திரி அந்த முனையில் விளக்கு எரியுமா, நாய்கள் துரத்துமா என்பதெல்லாம் அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். வீட்டுத் தரகர் சொல்ல மாட்டார்.

இதையெல்லாம் செய்யச் சொல்லி இங்கே எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 1940, அதன் கீழ் வந்த 1945ஆம் ஆண்டு விதிகள் ஆகியவற்றின்படி, சில்லறைக் கடைக்கு படிவம் 19இல் விண்ணப்பித்து, படிவம் 20, 21 உரிமங்களை மருந்து கட்டுப்பாட்டுத் துறையிடம் வாங்க வேண்டும். குறைந்தது 10 சதுர மீட்டர் இடம், குளிர்சாதனப் பெட்டி, பதிவு பெற்ற மருந்தாளுநர் இவற்றைத்தான் பார்ப்பார்கள். தெருவில் இருப்பவர்களைக் கேட்டாயா என்று யாரும் கேட்பதில்லை. இங்கிலாந்தில் ஒவ்வொரு பகுதிக்கும் மருந்துக்கடைத் தேவை என்ன என்று மூன்றாண்டுக்கு ஒருமுறை மதிப்பிட்டு வெளியிட வேண்டும். வெளியிடும் முன் நோயாளிகள், நுகர்வோர் சார்ந்த அமைப்புகள் உள்ளிட்டவர்களிடம் குறைந்தது 60 நாள் கருத்துக் கேட்க வேண்டும் என்பது அங்கே விதி. நமக்கு அப்படி ஒன்று இருந்தால் ஒரே தெருவில் ஐந்து கடை, அடுத்த ஊரில் ஒன்றுமில்லை என்ற நிலை கொஞ்சமாவது மாறும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இல்லாத வரைக்கும் அந்த வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

அங்கே ஏற்கெனவே கடை வைத்திருப்பவரையும் போய்ப் பாருங்கள். நேராகப் போய், "அண்ணே, நான் இந்தப் பக்கம் கடை போடலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பிறர் வாயால் அவருக்குத் தெரிவதைவிட அது மேல். யாராவது வியாபாரிகள் சங்கத்தின் தடையில்லாச் சான்று வாங்கி வா என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். உரிமத்துக்கு அது தேவையில்லை. அப்படிக் கட்டாயப்படுத்துவது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று இந்தியப் போட்டி ஆணையமே உத்தரவுகளில் சொல்லியிருக்கிறது.

மக்கள் உங்களிடமும் கேட்பார்கள். எதற்கு முடியாது என்று சொல்வது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு போங்கள். முதலில் தள்ளுபடி. "எல்லாத்துக்கும் இருபது சதவீதம் குறைப்பியா?" என்பார்கள். 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வரும் மருந்துகளில் சில்லறைக் கடைக்கான லாபமே 16 சதவீதம் என்று கணக்கிட்டுத்தான் உச்ச விலை வைக்கிறார்கள். அதில் இருபது எப்படிக் குறைப்பது? சரி என்று தலையாட்டிவிட்டு வந்தால் முதல் மாதமே வாக்குத் தவறும். விலைதான் அந்தப் பகுதியின் பெரிய கவலை என்று தெரிந்தால், குறைந்த விலையில் மருந்து விற்பதற்கென்றே 2008இல் தொடங்கிய மக்கள் மருந்தகம் என்கிற ஜன் ஔஷதி திட்டமும், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு முழுவதும் ஆயிரம் கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகமும் இருக்கின்றன. டி.பார்ம் முடித்தவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதைப் பற்றியும் தெருவில் பேசிப் பாருங்கள். "டாக்டர் எழுதின பேருதான் வேணும்" என்பவர்கள் அதிகம். சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய எச் வகை மருந்துக்குப் பதிலாக வேறு கம்பெனி மருந்தை நாமாக மாற்றிக் கொடுக்க விதியும் இடம் தரவில்லை. மருத்துவரிடமே மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள் என்று சொல்லலாம்.

அடுத்து, சீட்டு இல்லாமல் தருவீர்களா என்று கேட்பார்கள். ஆன்டிபயாடிக் இரண்டு நாளைக்கு மட்டும், தூக்க மாத்திரை ஒரு அட்டை மட்டும் என்பார்கள். மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இதே தெருக்களில் பெற்றோர் வேறொரு பயத்தையும் சொல்வார்கள்: கடை வந்தால் பையன்கள் போதைக்காக வலி மாத்திரை தேடி வந்து நிற்பார்களோ என்று. அந்தப் பயம் வீண் அல்ல, நம் ஊர்ப் பிள்ளைகள் அதில் சிக்குவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம், வலிக்குத் தரும் டிரமடால் போன்றவை, கட்டுப்பாடு இன்னும் அதிகமான எச்1 பட்டியலில் இருக்கின்றன. மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வீர்கள் என்று விளக்கிச் சொல்லுங்கள். கேமரா வைப்பேன் என்று சொல்லுங்கள், வையுங்கள். சீட்டு இல்லாமல் தராத கடை என்று தெரிந்த பிறகுதான் எங்கள் தெருத் தாய்மார்கள் பிள்ளைகளைத் தைரியமாக அனுப்பத் தொடங்கினார்கள்.

கேட்கப் போன இடத்தில் எனக்கு மறக்காத கேள்வி ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டது. இன்சுலின் போட்டுக்கொள்பவர். "கரண்ட் போனா உன் ஃபிரிட்ஜ் என்ன ஆகும் தம்பி?" என்றார். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். புறநகரில் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்தடை வரும் நாள்கள் உண்டு. அவர் கேட்ட பிறகு ஃபிரிட்ஜுக்கென்று தனி இன்வெர்ட்டர், உள்ளே வெப்பமானி, காலையும் மாலையும் குறித்து வைக்கும் நோட்டு என்று ஏற்பாடு செய்தேன். நோட்டை யார் கேட்டாலும் காட்டுவேன். இப்படி ஒரு கேள்வியை எந்தப் படிவமும் கொண்டுவந்து தராது.

எல்லாம் கேட்டு முடித்தபின், இங்கே கடையே தேவையில்லை என்று தெரியவும் வாய்ப்பு உண்டு. என்னோடு வந்த ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. அங்கே இருந்த பழைய கடை நன்றாகவே நடந்தது, மக்களுக்கு அந்தக் கடைக்காரர் மேல் குறையில்லை. இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி மாலையில் மட்டும் மருத்துவர் வரும் கிளினிக் ஒன்று இருந்தது, அங்கிருந்து சீட்டோடு வருகிறவர்களுக்கு ஒன்பதரைக்கு மேல் எதுவும் திறந்திருக்கவில்லை. என்னோடு வந்தவர் அங்கே போய்க் கடை போட்டார். உரிமம் கடை இருக்கும் இடத்துக்குத்தான் தருகிறார்கள், இடம் மாறினால் மறுபடி புதிதாக வாங்க வேண்டும். அதனால் இந்த அலைச்சல் எல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே முடிய வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை, பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது. கேட்டவர்களிடம் திரும்பிப் போங்கள். ஒரு தாளில் நீங்கள் கேட்டவை, நான் செய்யப்போவது, என்னால் முடியாதது, ஏன் முடியாது என்று எளிமையாக எழுதி, ரேஷன் கடைச் சுவர், டீக்கடை, அங்கன்வாடி மூன்று இடத்திலும் அனுமதி கேட்டு ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அதைப் படமெடுத்துப் போடுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு நேரில் சொல்லுங்கள். முடியாதது எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: காசநோய் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், சுகர் மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் என்று. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, முதல் முறை பேசாத சிலர் வந்து பேசுவார்கள். அவர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.