மேசை விளையாட்டுக்கும் மாயக்கதைக்கும் நம்பும்படியான பாத்திரத்தை எப்படி உருவாக்குவது?

நாலு பக்க முன்கதை எழுதியும் உங்கள் மந்திரவாதி அட்டைப் பொம்மை மாதிரி நிற்கிறான் என்கிறீர்கள். சரி, அந்த நாலு பக்கத்தை ஒதுக்கி வையுங்கள். அவனுக்கு இப்போது என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது? இது தெரிந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம்.

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் வெளிவந்த அது வலிமை, அறிவு என்று ஆறு எண்களால் பாத்திரத்தை அளந்தது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இயல்பு, இலட்சியம், பிணைப்பு (யாரை, எதை விட முடியாது என்பது), குறை ஆகியவற்றையும் எழுதச் சொன்னது. என் கணக்கில் பிணைப்பும் குறையும்தான் பெரிசு.

யாழ்ப்பாணத்து நெடுந்தீவுப் படகோட்டி ஒருவனை எடுங்கள். 'துணிச்சல்காரன்' என்றால் ஒன்றும் தெரியாது. குறிகாட்டுவான் இறங்குதுறையில் கிழவிகளிடம் காசு வாங்க மாட்டான். ஆனால் தம்பியைக் கடலில் விட்டுவிட்டு வந்த இரவைப் பற்றி எல்லாரிடமும் பொய் சொல்லுவான். இனி யாராவது தண்ணீரில் விழட்டும், பகடை உருள முன்பே மேசை அமைதியாகிவிடும்.

பேச்சையும் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் மரியாதை இறங்க இறங்க நீங்கள், நீர், நீ என்று மூன்று படி இருக்கிறதே! தளபதியை 'நீங்கள்' என்று கதைத்தவன் திடீரென்று 'நீர்' என்றால், கோபத்தை வேறாக விவரிக்கத் தேவையில்லை.

கதையில் முடிவு உங்கள் கையில். மேசையில் பகடையும் கூட்டாளிகளும் திட்டத்தைக் குழப்புவார்கள், அதனால் முன்கதையில் சில இடங்களை வெறுமையாக விடுங்கள். பிறகு, 'என் பாத்திரம் அப்படித்தான்' என்று கூட்டாளியின் பணப்பையைத் திருடாதீர்கள். நான் செய்து பார்த்தேன்; அடுத்த கிழமை யாரும் விளையாட வரவில்லை.