கேள்வி மூட்டை: எந்த ஆபீஸ், எந்த கவுன்ட்டர்?

இந்த வாரம் மூட்டைய அவுத்தா பாதிக்கு மேல வெளியிலருந்து வந்து நம்ம வேலூர் பக்கம் குடியிருக்கறவங்க சமாச்சாரம்தான், அதனால சினிமா கேள்விங்கள அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

தோட்டப்பாளையத்துலருந்து ஒரு வீட்டுக்காரம்மா: வைத்தியத்துக்கு வர்றவங்களுக்கு மாடி ரூம வாடகைக்கு விடறேன். இப்ப பங்களாதேஷ்லருந்து ஒரு குடும்பம் கேக்கறாங்க. பக்கத்து வீட்டுக்காரரு, "ஏம்மா வம்ப வெலைக்கு வாங்கற, போலீஸ் கேஸாயிடும்"ங்கறாரு. குடுக்கலாமா வேணாமா?

தாராளமா குடுக்கலாம்மா. மொதல்ல அவங்க நெசமாவே பங்களாதேஷானு பாருங்க. ஏன்னா காந்தி ரோட்டுல பெங்காலி பேசறவங்க எல்லாரையும் நம்மாளுங்க ஒரே போடா பங்களாதேஷ்காரன்னு சொல்லிடறாங்க, அதுல கொல்கத்தா, திரிபுரா, அசாம்காரங்க எத்தன பேரு, அவங்ககிட்ட ஆதார் இருக்கும், வோட்டர் ஐடி இருக்கும், உங்கள என்னை மாதிரி அவங்களும் இந்தியாக்காரங்கதான், அவங்களுக்கு நீங்க ஐடி ஜெராக்ஸ் வாங்கி வெச்சுகினா போதும். கையில பங்களாதேஷ் பாஸ்போர்ட் வெச்சிருந்தா மட்டும்தான் கதை வேற. பாஸ்போர்ட், விசா ரெண்டையும் வாங்கிப் பாருங்க. நோயாளிக்கு மெடிக்கல் விசா, கூட வர்றவங்களுக்கு அட்டெண்டன்ட் விசா, அது ஒரு நோயாளிக்கு ரெண்டு பேருக்குத்தான் தருவாங்க. அவங்க வந்து எறங்குன 24 மணி நேரத்துக்குள்ள நீங்க ஆன்லைன்ல தகவல் குடுக்கணும், லாட்ஜ்காரங்க சி ஃபார்ம்னு சொல்வாங்களே அதுதான். லாட்ஜுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, வீட்டு மாடியும் அதுல வரும். மொதத் தடவைன்னா உங்க பேருல ஒரு லாகின் வாங்கணும், அதுக்கு எஸ்.பி. ஆபீஸ்ல வெளிநாட்டவர் பதிவு பிரிவுன்னு கேளுங்க, மாவட்டத்துல எஸ்.பி.தான் அதுக்கு அதிகாரி. விசா 180 நாளுக்கு மேலன்னா வந்த 14 நாளுக்குள்ள அவங்களும் தனியா பதிவு பண்ணணும், அது அவங்க வேலை, ஆனா ஆஸ்பத்திரி டென்ஷன்ல மறந்துடுவாங்க, ஒரு வார்த்தை ஞாபகப்படுத்துங்க.

அப்புறம் ஒண்ணு, பாஸ்போர்ட்ட நீங்க வாங்கி பீரோவுல வெச்சுக்காதீங்க, ஜெராக்ஸ் எடுத்துட்டு திருப்பிக் குடுத்துடுங்க. வாடகைக்கு அடமானம் மாதிரி புடுங்கி வெக்கற வழக்கம் சில எடத்துல இருக்கு, ரொம்ப தப்பு.

ஆம்பூர்லருந்து ஒரு ஷூ கம்பெனி சூப்பர்வைசர்: எங்க லைன்ல பீகார் குடும்பம் ஒண்ணு, பையனுக்கு எட்டு வயசு. ஸ்கூல்ல டி.சி. இல்லாம சேத்துக்க மாட்டோம்னுட்டாங்க. ரேஷன் கடையில "உனக்கு இங்க கார்டு இல்ல, போ"ன்னுட்டாங்க. எங்க போய் முட்டறது?

ரெண்டுமே அவங்க சொன்னது தப்பு தம்பி. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6லருந்து 14 வயசு வரைக்கும் டி.சி. வர லேட்டாச்சு, வயசு சர்டிபிகேட் இல்லனு எந்தக் காரணமும் சொல்லி திருப்பி அனுப்பக்கூடாது, வயசுக்கேத்த கிளாஸ்ல உக்கார வெக்கணும், பின்தங்கி இருந்தா தனிப்பயிற்சி குடுக்கணும். ஹெட்மாஸ்டர் ஒத்துக்கலன்னா வட்டாரக் கல்வி அலுவலர்கிட்ட எழுதிக் குடுங்க, வாயால சொல்லாதீங்க. கவர்மென்ட் ஸ்கூல்னா அஞ்சாவது வரைக்கும் காலையிலயே உப்புமாவோ பொங்கலோ போடறாங்க, ஷிப்டுக்கு ஆறு மணிக்கே கெளம்பற அப்பா அம்மாவுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும். ஆம்பூர்ல உருது மீடியம் ஸ்கூலும் இருக்கு, காதுக்கு இந்தி மாதிரியே இருக்கறதால சில பேரு அங்க சேக்கறாங்க, ஆனா எழுத்து வேற. இங்கயே தங்கற ஐடியான்னா தமிழ் மீடியத்துலயே போடச் சொல்லுங்க, ஆறு மாசத்துல அந்தப் பையன் நம்மள விட நல்லா "இன்னாபா"ன்னுவான்.

ரேஷனுக்கு வருவோம். ஒரே நாடு ஒரே ரேஷன்ல தமிழ்நாடு 2020 அக்டோபர்லயே சேந்தாச்சு. பீகார் கார்டு நம்பரும் ஆதாரும் இருந்தா இங்க கடையில கைரேகை வெச்சு அரிசி வாங்கலாம், தலைக்கு 5 கிலோ, ரொம்ப ஏழைங்களுக்குத் தர்ற அந்தியோதயா கார்டுன்னா குடும்பத்துக்கு 35 கிலோ. ஊர்ல இருக்கற அம்மா அவங்க பங்க அங்க வாங்கிக்கலாம், இவங்க பங்க இங்க வாங்கிக்கலாம். துவரம்பருப்பு, பாமாயில் மட்டும் கெடைக்காது, அது நம்ம ஸ்டேட் கார்டுக்குத்தான், அதுக்கு கடைக்காரர்கிட்ட சண்ட போடாதீங்க. அரிசியே இல்லன்னா 1967க்கு போன் போடுங்க. அப்புறமும் நடக்கலன்னா திங்கட்கிழமை குறைதீர்வு நாள் மனு, ஆனா சத்துவாச்சாரிக்கு வந்துடாதீங்க! 2019ல ஜில்லாவ மூணாப் பிரிச்சதுலருந்து ஆம்பூரு திருப்பத்தூர் மாவட்டம், இன்னும் பாதி பேரு பழக்கதோஷத்துல வேலூர் கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறி ஒரு நாள் கூலிய வுட்டுட்டு போறாங்க.

சூப்பர்வைசர்ங்கறதால உங்களுக்கு ஒரு வேலை தரேன். அவங்க சம்பளச் சீட்டுல இ.எஸ்.ஐ. புடிக்கறாங்களானு பாருங்க. மாசம் 21,000 வரைக்கும் சம்பளம்னா புடிச்சே ஆகணும். காண்ட்ராக்டர் மூலமா வந்தவங்களுக்குத்தான் இதுல அல்வா குடுக்கறாங்க. அந்த இ.எஸ்.ஐ. நம்பர் ஒண்ணு இருந்தா இவங்களுக்கு இங்கயும் ஊர்ல இருக்கற குடும்பத்துக்கு அங்கயும் வைத்தியம் ஓடும்.

மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாம்லருந்து ஒரு தம்பி: எங்கட அண்ணா 1985ல ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில பிறந்தவர், நான் 1991ல இங்க. அம்மா அப்பா ரெண்டு பேரும் இலங்கை. புது வீடு குடுத்திருக்காங்க, சந்தோஷம். குடியுரிமை கிடைக்குமா?

வீடு வந்தது நல்ல விஷயம்தான் தம்பி. 2021 நவம்பர்ல முதல்வர் உங்க முகாமுக்கு வந்து தொடங்கி வெச்ச திட்டம், 2023 செப்டம்பர்ல உங்க முகாம்லயே வெச்சு 1,591 வீடு தொறந்தாங்க, மாநிலம் முழுக்கச் சேத்து சொல்றேன். உதவித்தொகையும் 2021லதான் குடும்பத் தலைவருக்கு 1,500ன்னு ஏறுச்சு. இதெல்லாம் சென்னையில முடிவு பண்ணலாம். குடியுரிமை டெல்லி கையில, அங்கதான் சிக்கல்.

உங்க அண்ணா கேஸ் வேற, உங்க கேஸ் வேற, ரெண்டையும் ஒரே மனுவுல கலக்காதீங்க. இந்திய மண்ணுல 1987 ஜூலை 1க்கு முன்னாடி பொறந்தவங்க, அப்பா அம்மா யாரா இருந்தாலும், பொறப்பாலயே இந்தியக் குடிமகன்னு சட்டம் சொல்லுது. மண்டபம் முகாம்ல 1986ல பொறந்த ஒரு பெண்மணி இதையே சொல்லி ஹைகோர்ட் மதுரை பெஞ்சுக்குப் போய் 2022ல பாஸ்போர்ட் குடுக்கணும்னு உத்தரவு வாங்கிட்டாங்க. அதனால அண்ணாவோட பொறப்புச் சான்றிதழ் அசல ராமநாதபுரத்துலருந்து எடுங்க, அந்தக் காகிதம்தான் எல்லாமே. உங்க வருஷத்துக்கு அப்பாவோ அம்மாவோ ஒருத்தராவது இந்தியரா இருந்திருக்கணும், அது இல்லாததால நேர் வழி இல்ல. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் இலங்கைய சேக்கல. 2025 புது குடிவரவுச் சட்டத்துல மட்டும் ஒரு சின்ன ஆறுதல், 2015 ஜனவரி 9க்கு முன்னாடி வந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர்கள் மேல பாஸ்போர்ட் விசா இல்லன்னு வழக்கு போட மாட்டாங்க. குடியிருக்கலாம், குடிமகன் ஆக முடியாது, அவ்ளோதான் அதோட எல்லை. முப்பது வருஷத்துக்கு மேல இந்த ஊர்த் தண்ணிய குடிச்சு வளந்த பையன்கிட்ட இத எழுதறதுக்கே எனக்குக் கூச்சமா இருக்கு.

வக்கீலுக்குக் காசு இல்லன்னா சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100க்கும் போன் பண்ணலாம். இந்தியரா இல்லையானு பாக்காமதான் அவங்க உதவுவாங்க.

காட்பாடியிலருந்து ஒருத்தர்: வடக்கத்திக்காரங்க வந்து நம்ம வேலையெல்லாம் புடுங்கிகினாங்களே, அவங்களுக்கு ஏன் சார் சலுக?

அண்ணே, தோல் ஷாப்புல அந்த நாத்தத்துல நிக்கறதுக்கு உங்க வீட்டுப் பையன அனுப்புவீங்களா? வாணியம்பாடி, ஆம்பூர்லருந்து துபாய், சவூதின்னு போன நம்ம ஆளுங்கள அங்க இதே கேள்வி கேட்டா நமக்கு எப்படி இருக்கும். விடுங்க.

கே.வி.குப்பம் பக்கத்துலருந்து ஒரு டீச்சர்: எங்க ஊரு செங்கல் சூளையில ஒரு ஒடிசா பொண்ணு ஏழு மாசம். பிரசவம் ஆனா புள்ளைக்கு சர்டிபிகேட் குடுப்பாங்களா?

கண்டிப்பா குடுப்பாங்க, எந்த மாநிலமா இருந்தாலும், ஏன், எந்த நாடா இருந்தாலும் இங்க பொறந்தா இங்கதான் பதிவு, 21 நாளுக்குள்ளன்னா காசு கெடையாது. ஆனா இன்னிக்கே ஒரு வேலை இருக்கு டீச்சர். நம்ம ஊர்ல பிக்மி நம்பர், அதாவது கர்ப்பிணிப் பதிவு நம்பர், இல்லாம சர்டிபிகேட் இழுத்தடிக்கும், அத கிராம சுகாதார நர்சுதான் போட்டுத் தருவாங்க. சூளைக்காரங்க மழைக்காலம் வந்தா ஊருக்குக் கெளம்பிடுவாங்க, அதனால நீங்களே ஒரு சாயங்காலம் நர்சம்மாவ கூட்டிகினு போங்க, அந்தப் பொண்ணுகிட்ட ஆதார் இருந்தா எடுத்து வெக்கச் சொல்லுங்க, அப்படியே தடுப்பூசியும் அங்கன்வாடி சத்துமாவும் ஆரம்பிச்சுடலாம். பேர ஒடியாவுல சொல்வாங்க, நர்சு காதுல விழுந்தத எழுதுவாங்க, ஆதார்ல இருக்கற ஸ்பெல்லிங்க பாத்து எழுதச் சொல்லுங்க, பின்னாடி திருத்தறதுக்கு ஒடிசாவுலருந்து யாரு வர்றது.