நாலு வரை கண், அதற்கு மேல் நாக்கு: எண் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பல்லாங்குழியில் நாலு முத்து சேர்ந்ததும் ‘பசு’ என்று கை தானாகப் போய்விடுகிறது. ஏழு இருந்தால் எண்ணித்தான் தெரிகிறது. ஏன்? (வாசகி, பாபநாசம்)

நாலு வரை நாம் எண்ணுவதே இல்லை, பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. 1871இல் ஜெவான்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் அவரை விதைகளைப் பெட்டிக்குள் எறிந்து, ஒரே பார்வையில் எத்தனை என்று சொல்லி, ஆயிரம் தடவைக்கு மேல் தன்னையே சோதித்தார். மூன்றிலும் நான்கிலும் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஐந்தில் பிசகத் தொடங்கியது, போகப்போகக் கூடியது. ஏழு முத்தை நாலும் மூன்றுமாகப் பிரித்து வைத்துப் பாருங்கள், எண்ணாமலே சொல்லிவிடுவீர்கள்.

கேள்வி: கல்யாணக் கூட்டத்தைப் பார்த்து முந்நூறு பேர் என்று நினைத்தோம், இலை நானூறைத் தாண்டிவிட்டது. எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோமே? (சமையல் ஒப்பந்தக்காரர், கும்பகோணம்)

எண்ணாமல் பார்த்துச் சொல்லும்போது பெரும்பாலோர் குறைத்துத்தான் சொல்வார்கள். பெரிய கூட்டத்தை மனம் எண்ணாகப் பிடிப்பதில்லை, விகிதமாகப் பிடிக்கிறது. 20 பேரில் மூன்று நாலு பேர் பிசகினால் 200 பேரில் முப்பது நாற்பது பிசகும். ஆறு மாதக் குழந்தைக்கும் இதே விதிதான்: 8 புள்ளிக்கும் 16 புள்ளிக்கும் வித்தியாசம் தெரிகிறது, 8க்கும் 12க்கும் தெரிவதில்லை.

நம் பேச்சைக் கவனியுங்கள். ‘நாலஞ்சு பேர்’, ‘ஏழெட்டு பேர்’ என்கிறோம், இடைவெளி ஒன்று. அப்புறம் ‘பத்துப் பதினைந்து’, ‘நூறு நூற்றைம்பது’. எண் பெருகப் பெருக இடைவெளியும் அகலுகிறது. ‘ஐம்பது ஐம்பத்தோரு பேர் இருப்பார்கள்’ என்று யாரும் சொல்வதில்லை. மனம் அளவை வைத்திருக்கும் விதம் அப்படியே நாக்கில் வந்துவிட்டது.

இந்தப் பிசகைக் குறைக்க வழி உண்டு. மண்டபத்தில் சற்று உயரமான இடத்தில் நின்று, ஒரு பகுதியில் சரியாக 30 பேரை எண்ணுங்கள். அந்த அளவு துண்டு மண்டபத்தில் எத்தனை விழும் என்று பாருங்கள். எண்ணித் தெரிந்த ஒரு மாதிரி கண்முன் இருந்தாலே மதிப்பீடு சீராகிவிடும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, மேடையை ஒட்டிய நெருக்கமான இடத்தை மாதிரியாக எடுப்பது, கணக்கு ஏறிவிடும். ஓரத்திலும் ஒரு துண்டு எண்ணி, இரண்டுக்கும் நடுவே வையுங்கள். இருவர் மதிப்பிட்டால் தனித்தனியே எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். முதலில் ஒருவர் ‘முந்நூறு’ என்று வாய்விட்டால் மற்றவர் மனமும் முந்நூறைச் சுற்றியே நிற்கும். பந்தி தொடங்கிவிட்டால் தலையை விட்டு இலையைப் பிடியுங்கள்: வரிசைக்கு 25 இலை, 4 வரிசை என்றால் பந்திக்கு நூறு. அது மதிப்பீடு இல்லை, கணக்கு.

கேள்வி: நெல் அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்கிறார். ஒவ்வொரு எண்ணையும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கணக்கு பிசகாதா? (கல்லூரி மாணவர், மயிலாடுதுறை)

பிசகாது. எண்ணிக்கைக்கு வேண்டியது சொல்லின் பொருள் அல்ல, வரிசையில் அதன் மாறாத இடம். முதல் இடத்தில் எப்போதும் ‘லாபம்’ நின்றால் அதுவே ஒன்று. திரும்பச் சொல்வது வெறும் சடங்கும் அல்ல. நாலுக்கு மேற்பட்ட துல்லியமான எண்ணைத் தாங்குவது சொல்தான். பிரேசிலின் அமேசான் பகுதியில் வாழும் பிரஹா மக்கள் மொழியில் எண்ணுப்பெயர்களே கிடையாது. எதிரே இருக்கும் பொருளுக்கு ஒன்றுக்கு ஒன்றாக வைக்கச் சொன்னால் சரியாக வைக்கிறார்கள். அதை மறைத்துவிட்டால் தோராயமாகிவிடுகிறது. அளக்கும்போது பக்கத்தில் யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் கணக்கு விட்டுப்போவதும் அதனால்தான். 12 மரக்கால் சேர்ந்து ஒரு கலம் ஆனதும் ஒரு கல்லை ஒதுக்கி வைத்துவிட்டால், விட்டாலும் ஒரு கலத்துக்குள்தான் விடும்.

கேள்வி: மூன்றரை வயது மகன் இருபது வரை ஒப்பிக்கிறான். ‘அஞ்சு புளியங்கொட்டை கொடு’ என்றால் கைநிறைய அள்ளுகிறான். கவலைப்பட வேண்டுமா? (தாய், திருத்துறைப்பூண்டி)

வேண்டாம். ஒப்பிப்பது இப்போது அவனுக்குப் பாட்டு மாதிரி. பத்துப் புளியங்கொட்டையைத் தட்டில் வைத்து ‘ஒண்ணு கொடு’, ‘ரெண்டு கொடு’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். குழந்தைகள் முதலில் ஒன்றை மட்டும் அறிவார்கள். சில மாதம் கழித்து இரண்டு, பிறகு மூன்று. அதன்பின், எண்ணி முடிக்கும் கடைசிச் சொல்தான் மொத்தம் என்பது பிடிபடும். பலருக்கு அது மூன்றரை நாலு வயதில். சிலருக்கு இன்னும் தள்ளி.

அவன் எந்தப் படியில் நிற்கிறானோ அதற்கு அடுத்த எண்ணை மட்டும் எடுங்கள். மொத்தத்தை முதலில் சொல்லிவிட்டு எண்ணுங்கள்: “இது மூணு இட்லி. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு இட்லி.” எண்ணி முடித்தவனிடம் உடனே ‘எத்தனை?’ என்றால், மறுபடி எண்ணச் சொல்வதாக நினைத்து முதலிலிருந்து தொடங்குவான். உள்ளங்கையால் மூடிவிட்டுக் கேளுங்கள். ஐம்பது வரை ஒப்பிக்க வைப்பதால் இதில் எதுவும் வேகமாகாது.

ஏழெட்டு வயதிலும் மூன்று பொருளை விரல் தொட்டு எண்ணினால், 6, 9 இரண்டில் எது பெரிது என்று தயங்கினால், அப்போது கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டுச் சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள். டிஸ்கால்குலியா எனும் இந்தக் கற்றல் குறைபாட்டுக்கும் அறிவுக்குறைவுக்கும் சம்பந்தமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

கேள்வி: இரண்டாம் வகுப்புப் பேத்தி ‘நூற்றியெட்டு’ என்றால் 1008 என்று எழுதுகிறாள். திட்டினாலும் மாறவில்லை. (தாத்தா, திருவையாறு)

திட்டாதீர்கள். காதில் விழுந்ததை அவள் நேர்மையாக எழுதுகிறாள்: நூறு 100, எட்டு 8. பழைய தமிழ் எண்ணில் நூற்றெட்டு ௱௮, இருநூறு ௨௱. அந்த முறையில் அவள் எழுதுவது சரியே. இன்றைய முறையில் இடம்தான் மதிப்பு. அதைக் காதால் கற்க முடியாது, கையால்தான் முடியும்.

கெட்டி அட்டையில் மூன்று கட்ட அகலத்தில் 100, இரண்டு கட்டத்தில் 10 முதல் 90 வரை, ஒரு கட்டத்தில் 1 முதல் 9 வரை எழுதி வெட்டுங்கள். 100இன் வலது ஓரப் பூஜ்யத்தின் மேல் 8ஐ வைக்கச் சொல்லுங்கள். பூஜ்யம் மறைந்து 108 தெரியும் அந்த நொடியில் பாதி வேலை முடிந்தது. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டை ஒரு பெருங்கட்டாக்கி, பக்கத்திலேயே எட்டுத் தனிக்குச்சி வைத்தால் மீதியும் முடிந்துவிடும். ஆயிரத்துக்குப் போகும்போது இதே பிழை 10008 என்று திரும்பி வரலாம். அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் பாதிப்பேர் 1/4ஐவிட 1/8 பெரியது என்கிறார்கள். (ஆசிரியை, நீடாமங்கலம்)

எட்டு நாலைவிடப் பெரியது என்ற பழக்கம் பின்னத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. ‘ஒன் பை எய்ட்’ என்று சொல்வது அந்தப் பழக்கத்துக்குத் தீனி. தமிழ்ப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: 1/4 கால், 1/8 அரைக்கால். காலில் அரை என்று பெயரே சொல்லிவிடுகிறது. டெல்டா பிள்ளைகளுக்கு நிலமே பாடம்: 20 மா ஒரு வேலி, 1/20க்குப் பெயரும் மா. ஒரு மா என்பது ஏறத்தாழ 33 சென்ட். ஒரே நீளக் காகிதப் பட்டையை ஒரு மா வயல் என்று வைத்து, இரண்டு மடிப்பில் கால் மா, மூன்றாவது மடிப்பில் அரைக்கால் மா காட்டுங்கள். எந்த வயலில் நெல் அதிகம் விளையும் என்று கேட்டால் ஒருவரும் தவறமாட்டார்கள்.

3/8, 2/5 போன்றவற்றுக்கு இந்தப் பெயர்கள் உதவா. அங்கே அரையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். 3/8 அரைக்கு எட்டில் ஒன்று குறைவு. 2/5 பத்தில் ஒன்றுதான் குறைவு. எனவே 2/5 பெரியது.